பத்தியும் பிரமாணமும்

நம் பள்ளிக்கூடங்களில் கட்டுரை எழுதக் கற்பிக்கும் முறையைச் சிறிது ஊன்றிக் கவனிப்போர்க்கு, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் அளிக்கப்படும் மரியாதை நடுப்பகுதிக்கு அளிக்கப்படவில்லை என்பது விரைவில் புலப்படும். முன்னுரையை எந்த மேற்கோளோடு தொடங்கினால் திருத்துவோர் மனம் குளிரும், முடிவுரையில் நாட்டை எவ்வாறு வாழ்த்தி நிறுத்தவேண்டும் என்பனவற்றையெல்லாம் விரிவாக எடுத்துரைக்கும் ஆசிரியர், பொருளுரைக்கு வந்ததும், கரும்பலகையில் நான்கைந்து உட்தலைப்புகளை எழுதிப்போட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஆறேழு வரி எழுதுமாறு பணித்துத் தம் கடமையை முடித்துக்கொள்கிறார். உட்தலைப்பு ஒன்று மேலே நின்றுகொண்டிருப்பதால், அதன் கீழுள்ள பத்தி தான் எதைச் சொல்ல வந்தது என்பதைத் தானே சொல்லவேண்டிய பொறுப்பிலிருந்து விடுபட்டுவிடுகிறது. முன் நின்ற பத்தியோடு தனக்குள்ள சம்பந்தத்தைக் காட்டவேண்டிய பொறுப்பும் அதனோடு போய்விடுகிறது. பரீட்சைத் தாளில் இது மதிப்பெண் பெற்றுத் தரும். ஆனால் இவ்வாறு பழகிய கை, பிற்காலத்தில் ஓர் ஆராய்ச்சியையோ ஒரு தலையங்கத்தையோ எழுத நேரும்போது, உட்தலைப்புகளை எடுத்துவிட்டால் நிற்கமாட்டாத வாக்கியக் குவியல்களையே உண்டாக்குகிறது.

ஆகவே, கட்டுரையின் நடுவே நிற்கும் பத்தி என்ன தொழிலைச் செய்கிறது, அதனைச் செவ்வனே செய்வதற்கு அதனுள் எவை எவை எந்த முறையில் அமையவேண்டும் என்னும் வினா, இலக்கணப் பாடத்தின் ஓரத்தில் ஒதுக்கிவிடத்தக்க சிறு வினா அன்று. மேல்நாட்டார் சென்ற நூற்றைம்பது ஆண்டுகளில் இதற்குப் பல விடைகள் கூறியிருக்கின்றனர். நம் முன்னோர் பத்தி என்னும் உருவத்தையே கண்டிலராயினும், அவ்வுருவம் செய்யவேண்டிய தொழிலை நன்கு அறிந்திருந்தனர் என்பது என் அபிப்பிராயம். இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினால், பத்தியைக் கருத்துகளைக் கொட்டிவைக்கும் இடமாகக் கருதுவதினும், ஒரே ஒரு கூற்றைப் பிரமாணத்தோடு நிறுவும் இடமாகக் கொள்வதே தக்கது என்பது விளங்கும்.

கட்டுரை என்னும் வடிவத்துக்கு மூலபுருஷர் என்று போற்றப்படும் பிரெஞ்சு அறிஞர் மொந்தேன் 1580இல் வெளியிட்ட நூலில், கட்டுரை ஒன்று தொடங்கினால் அது முடியும்வரை இடைவெளியின்றி ஒரே ஓட்டமாக அச்சிடப்பட்டிருந்தது. இன்று அந்நூலில் நாம் காணும் பத்திப் பிரிவுகள் பிற்காலப் பதிப்பாசிரியர்கள் செய்தவை. பத்தியை ஒரு சாஸ்திர விஷயமாக்கியவர் ஸ்காட்லாந்தில் அபர்டீன் பல்கலைக்கழகத்துத் தர்க்கப் பேராசிரியராயிருந்த அலெக்சாந்தர் பெயின் ஆவார். 1866இல் வெளிவந்த தமது நூலில் அவர் பத்திக்கு ஆறு விதிகள் வகுத்தார். வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் உள்ள தொடர்பு வெளிப்படையாகத் தெரிதல், ஒரே தரத்துக் கருத்துகள் ஒரே அமைப்புள்ள வாக்கியங்களில் வருதல், முதல் வாக்கியம் பத்தியின் பொருளை உணர்த்துதல், வாக்கியங்கள் முறை பிறழாது நிற்றல், நோக்கம் ஒன்றேயாதல், தலைமைக் கருத்தும் சார்புக் கருத்தும் தத்தம் தகுதிக்கேற்ற அளவு பெறுதல் என்பன அவை. ஹார்வர்டுப் பேராசிரியர் பாரெட் வெண்டெல் 1891இல், வாக்கியம், பத்தி, முழுக்கட்டுரை ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவாக, பொருள் ஒன்றாயிருத்தல், முக்கியமானது முக்கியமான இடத்தில் நிற்றல், உறுப்புகள் ஒன்றோடொன்று இயைதல் என்னும் மூன்று தத்துவங்களையே கூறினார்.

இவற்றைப் பாடப்புத்தகங்கள் எடுத்துக்கொண்ட விதந்தான் வருந்தத்தக்கது. முதல் வாக்கியத்தில் கூற்று, பின் மூன்று விளக்கம், கடைசியில் கூற்றின் மறுபதிப்பு என்று அமெரிக்கப் பள்ளிகளில் பத்திக்கு ஓர் அச்சு வார்க்கப்பட்டது. அத்தகைய நடுப்பத்திகள் மூன்று, முன்னொன்று, பின்னொன்று ஆக ஐந்து பத்திக் கட்டுரை என்னும் சம்பிரதாயமும் வேரூன்றிற்று. 1974இல் ரிச்சர்டு பிராடக் என்னும் ஆராய்ச்சியாளர், பெயர்பெற்ற அமெரிக்க சஞ்சிகைகளில் வந்த கட்டுரைகளைப் பத்தி பத்தியாகச் சோதித்து, தலைமைக் கருத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லும் பத்திகள் 100க்கு 13 அளவே என்று காட்டியபோது, பள்ளிக்கூட விதி பொய்த்துவிட்டது என்று சிலர் மகிழ்ந்தனர். அவ்வளவு மகிழ வேண்டியதில்லை. தலைமைக் கருத்து முதலில் இல்லை என்பதால் அது எங்குமே இல்லை என்று ஆகிவிடாது. தவிரவும், முதல் வாக்கியம் வெளிப்படையான பீடிகையாய் இருக்குமானால் அதற்கு விதிவிலக்கு உண்டு என்று பெயினே சொல்லியிருக்கிறார். குருவினும் சீடர்கள் கடுமையாயிருப்பது எல்லாச் சாஸ்திரங்களிலும் நேர்வதே.

மேல்நாட்டு விடைகளுள் எனக்கு மிகவும் பயன்பட்டது பிரான்சிஸ் கிறிஸ்டென்சென் 1965இல் கூறியது. பத்தியிலுள்ள ஒவ்வொரு வாக்கியமும் தனக்கு முந்திய வாக்கியம் ஏதேனும் ஒன்றோடு ஒரே படியில் நிற்கும். அல்லது அதனினும் ஒரு படி இறங்கி, அதனை விளக்கியோ வரையறுத்தோ நிற்கும் என்பது அவர் கொள்கை. எளிய சோதனைதான்; ஆயினும் எழுதி முடித்த பத்தியை இக்கண்கொண்டு படிப்பவர்க்கு, எந்த வாக்கியம் எந்தப் படியிலும் நில்லாமல் தொங்குகிறது என்பது உடனே தெரிந்துபோகும்.

இனி நம்மவர் வழியைப் பார்ப்போம். ஓலைச்சுவடியில் பத்திப் பிரிவு இல்லை; சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியும் இல்லை; மெய்யெழுத்தின் புள்ளியும் பெரும்பாலும் இல்லை. ஓலையை வீணாக்காமல் எழுத வேண்டியிருந்த காலத்தில், வெற்றிடத்தால் பொருளைப் பிரித்துக் காட்டும் வசதி யாருக்கும் கிடைக்கவில்லை. ஆகவே உரையாசிரியர்கள் இடத்தால் செய்ய முடியாததைச் சொல்லால் செய்தனர். 'இனி' என்றால் ஒரு பொருள் முடிந்து வேறொன்று தொடங்குகிறது, 'அற்றேல்' என்றால் எதிராளி வாய் திறக்கிறான், 'என்னை?' என்றால் காரணம் கேட்கப்படுகிறது; 'என்க' என்றால் விஷயம் முடிவு கட்டப்பட்டது. நமக்குக் கிடைத்துள்ள பழந்தமிழ் உரைநடையுள் மிக முற்பட்டவற்றில் ஒன்றாகிய இறையனார் களவியலுரை முழுவதும் இத்தகைய வினாவிடையாலேயே நடைபெறுகிறது. காது கொண்டு பாடம் கேட்ட மாணாக்கனுக்குப் பத்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் ஐயமே எழுந்திராது.

பரிமேலழகர் இதனினும் ஒரு படி மேலே சென்றார். திருக்குறளின் ஒவ்வோர் அதிகாரத்தின் தொடக்கத்திலும், அது முன் அதிகாரத்தின் பின்னே வைக்கப்பட்டதற்குக் காரணம் இன்னது என்று அவர் கூறுகிறார். அதிகாரத்தினுள்ளும் பத்துக் குறளையும் சும்மா வரிசையாக விடுவதில்லை. இத்தனை பாட்டால் இன்ன விஷயம் கூறப்பட்டது என்று இடையிடையே தொகுத்து, பத்தை இரண்டாகவும் மூன்றாகவும் வகுத்துக் காட்டுகிறார். தனித்தனிப் பாட்டுகளாய் நிற்பவற்றைப் பொருளொருமை கண்டு பிரித்து, பிரித்தவற்றின் முறையையும் நியாயப்படுத்தும் இச்செயலைப் பத்தியமைப்பு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? வைணவ வியாக்கியானங்களில் பாசுரந்தோறும் வரும் அவதாரிகை என்னும் முன்னுரையும் இத்தொழிலையே செய்கிறது. நம்பிள்ளை சொல்ல வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்த ஈடு என்னும் வியாக்கியானத்தை ஒருமுறை ஊன்றிப் படித்தவர், ஒரு பாசுரத்திலிருந்து அடுத்ததற்குக் கடப்பது எத்தனை நுட்பமான காரியம் என்பதை மறக்கமாட்டார்.

பத்தியின் உள்ளமைப்புக்கும் நம் நூல்களில் இலக்கணம் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில், காண்டிகையுரையின் உறுப்புகளாகக் கருத்து, பதப்பொருள், உதாரணம், வினா, விடை ஆகியவை சொல்லப்படுகின்றன. சூத்திரத்துக்கு உரை காண்பதற்காகச் சொன்ன இலக்கணமே ஆயினும், இதனை அப்படியே எடுத்து ஒரு நடுப்பத்திக்கு ஏற்றிப் பார்த்தால் எதுவும் குறையாது: சொல்ல வந்த கருத்து, அதிலுள்ள சொற்களின் தெளிவு, காட்டு, படிப்போன் எழுப்பக்கூடிய வினா, அதற்கு விடை. மேல்நாட்டுப் பாடப்புத்தகங்கள் கடைசி இரண்டையும் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். வாதத்தின் உயிர்நிலை அவ்விரண்டிலேதான் இருக்கிறது.

தர்க்க நூலாரின் அநுமானப் பிரமாணத்தையும் இங்கே நினைக்கலாம். மணிமேகலையின் 29ஆம் காதையில், பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்து உறுப்புகளும், மலையில் புகையைக் கண்டு நெருப்பை அறியும் பழைய உதாரணத்தோடு விளக்கப்படுகின்றன. பின்னிரண்டும் திட்டாந்தத்துள்ளேயே அடங்கும் என்ற கொள்கையும் உடன் சொல்லப்படுகிறது. அடங்கும் என்பது தர்க்கத்தில் சரியாயிருக்கலாம். ஆனால் எழுத்தில், உதாரணத்தைச் சொல்லிவிட்டு, அவ்வுதாரணம் எடுத்துக்கொண்ட கூற்றுக்கு எவ்வாறு பொருந்துகிறது என்பதைச் சொல்லாமல் விடுவதே புதிதாக எழுதுவோர் பத்திகளில் நான் மிகுதியாகக் காணும் குறை. மேற்கோளை நட்டுவிட்டு எழுதுபவர் ஓடிவிடுகிறார். அதிலிருந்து கூற்றுக்குப் பாலம் போடும் வேலை படிப்பவர் தலையில் விழுகிறது. இவ்வாறு பொருத்திக் காட்டும் உபநயம் என்னும் உறுப்பைத் தனியே எண்ணிய பழைய தார்க்கிகர்கள் எழுத்தாளனுக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறார்கள்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போவதைவிட ஒரு பத்தியைக் கட்டிப் பார்ப்பது நலம். திருக்குறள் மணிமேகலைக்கு முற்பட்டது என்பதை நிறுவவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உட்தலைப்பிலே வளர்ந்த மாணவன் எழுதுவது பெரும்பாலும் இவ்வாறு இருக்கும்: திருக்குறள் தமிழுக்கு அணி, அதனை இயற்றியவர் திருவள்ளுவர், மணிமேகலை ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று, அது பௌத்த மதச் சார்புடையது, அதன் ஆசிரியர் சாத்தனார், திருக்குறள் அதற்கு முற்பட்டதாகும். இவற்றுள் பொய்யான வாக்கியம் ஒன்றும் இல்லை. ஆனால் எந்த வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியம் தேவைப்படவில்லை. எதனை எங்கே மாற்றி வைத்தாலும் நஷ்டம் இல்லை. கடைசி வாக்கியம் முன்னவை எவற்றிலிருந்தும் பிறக்கவில்லை.

அதே விஷயத்தை வேறு விதமாகத் தொடங்கலாம். மணிமேகலை இயற்றப்பட்ட காலத்தில் திருக்குறள் ஏற்கெனவே மதிப்புப் பெற்றிருந்த நூல். அக்காப்பியத்தின் சிறைசெய் காதையில், சதுக்கப்பூதம் மருதி என்னும் பார்ப்பனப் பெண்ணுக்கு அறிவுரை கூறும் இடத்தில், கணவனையே தெய்வமாகத் தொழும் மனைவியின் சொல்லுக்கு மழை பணியும் என்னும் 55ஆம் குறள் ஏறக்குறைய அப்படியே எடுத்தாளப்படுகிறது. அதனைச் சொன்னவர் பொய்யில்லாத புலவர் என்ற அடைமொழியும் உடன் வருகிறது. ஒருவருடைய சொல்லை இவ்வாறு பிரமாணமாக எடுத்துக்காட்ட வேண்டுமானால், அச்சொல் கேட்போர்க்கு முன்னரே அறிமுகமாகி, மறுக்கத்தகாதது என்ற பெயரையும் பெற்றிருக்கவேண்டும். நாட்டில் வழங்கிய பழமொழி ஒன்றை இரு புலவரும் தனித்தனியே எடுத்திருக்கலாகாதோ எனின், பழமொழியைச் சுட்டுவோர் அதற்கு ஒரு புலவரை ஆசிரியராக்கிப் போற்றுவதில்லை. ஆதலின் அக்குறள் காப்பியத்துக்கு முந்தியது என்பதில் தடையில்லை.

இரண்டாவது பத்தியில் செய்திகள் முதலாவதைவிட அதிகம் என்று சொல்வதற்கில்லை. உண்மையில் சாத்தனாரின் பெயரும் பௌத்தமும் அதில் விடப்பட்டிருக்கின்றன, ஏனெனில் அவற்றுக்கு அங்கே வேலையில்லை. மேற்கோளையும் அடைமொழியையும் அடுத்து வரும் வாக்கியமே உபநயம். அதை அடித்துவிட்டால் பத்தி சரிந்துவிடும். எனின் என்று முடிவது காண்டிகையின் வினா. கடைசி வாக்கியம் முதல் வாக்கியத்தை வேறு சொல்லால் திரும்பச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். முதலில் திருக்குறள் என்று நூலளவில் சொன்னது, சான்றைப் பார்த்தபின் அக்குறள் என்று சுருங்கியது. கையிலிருக்கும் சான்று அவ்வளவையே தாங்கும். இதைக்கொண்டு வள்ளுவர் இன்ன நூற்றாண்டினர் என்று தொடர்ந்து எழுதுவாருண்டு. சான்றுக்கு மிஞ்சிய முடிபைச் சொன்ன பத்தி, அது சரியாக நிறுவியதையும் சேர்த்துச் சந்தேகத்துக்கு இடமாக்கிவிடும். மிகைபடக் கூறலை நன்னூலார் பத்துக் குற்றங்களுள் ஒன்றாக வைத்ததை நம் பாடப்புத்தகங்கள் சொல்மிகைக்கு மட்டும் உதாரணம் காட்டி முடித்துவிடுகின்றன. துணிபின் மிகையே அதில் பெரியது.

அப்பத்துக் குற்றங்களில் மற்றொன்று விரித்தல், வெற்றெனத் தொடுத்தல், சென்று தேய்ந்திறுதல் என்னும் மூன்றும் பத்திக்கென்றே சொல்லப்பட்டவை போல் இருக்கின்றன. முதலாவதை எல்லாரும் அறிவர். இரண்டாவதற்கு மேலே கண்ட மாணவன் பத்தியே உதாரணம். மூன்றாவது, வலிய சான்றை முதலில் வைத்து, மெலியவற்றைப் பின்னே அடுக்கி, பத்தி போகப்போக மூச்சிழந்து நிற்பது. மூன்று சான்றுகள் இருந்து அவற்றுள் ஒன்று மெலிதாயின், அதனை நடுவில் வைப்பதைவிட நீக்கிவிடுவதே நல்லது. எதிராளி முதலில் கைவைப்பது அதிலேதான்.

வாக்கியங்களை இணைக்கும் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் இடைச்சொற்களுக்குக் குறைவில்லை. 'ஆயினும்', 'எனினும்', 'ஆதலின்', 'அன்றியும்' ஆகிய ஒவ்வொன்றும் ஒவ்வொரு சம்பந்தத்தைக் குறிக்கும். இக்காலத்தில் இவற்றின் ஸ்தானத்தையெல்லாம் 'மேலும்' என்னும் ஒரு சொல் கவர்ந்துகொண்டது. இரண்டு வாக்கியங்களுக்குள்ள உறவு இன்னதென்று எழுதுபவருக்கே தெரியாதபோது அவர் கை 'மேலும்' என்று எழுதுகிறது. சுட்டெழுத்துகளே பல இடங்களில் போதுமானவை: 'இவ்வேறுபாடு', 'அக்கொள்கை', 'இத்தகைய உரை' என்று முன் வாக்கியத்தின் சாரத்தை ஒரு பெயரால் எடுத்துக்கொண்டு தொடங்கும் வாக்கியம், தனியே ஓர் இணைப்புச்சொல் இல்லாமலே ஒட்டிக்கொள்ளும்.

பத்திகளுக்கிடையே உள்ள உறவுக்கு, நன்னூலார் சூத்திரங்களின் நிலையாகச் சொல்லும் நான்கையும் அப்படியே கொள்ளலாம். ஆற்றொழுக்காய் ஒன்றன்பின் ஒன்று ஓடுவது கட்டுரையின் இயல்பான கதி. முன்னும் பின்னும் திரும்பிப் பார்க்கும் அரிமா நோக்கு, நீண்ட கட்டுரையின் நடுவே ஒரு தரமோ இரு தரமோ வேண்டியிருக்கும். இடையிலுள்ளதைத் தாண்டிச் செல்லும் தவளைப் பாய்த்தும், வேண்டியதை எடுத்துக்கொண்டு உடனே மீளும் பருந்தின் வீழ்வும் ஆபத்தானவை. கைவந்தவர்க்கு அழகு செய்யும், மற்றவர்க்குக் கட்டுரையைத் துண்டாக்கிவிடும்.

தலைமைக் கருத்தை எங்கே வைப்பது என்பதில் தமிழுக்குத் தனியான ஒரு நிலைமை உண்டு. நம் வாக்கியத்தில் பயனிலை கடைசியில் வருகிறது. எச்சங்களும் அடைகளும் முன்னே திரண்டு நின்று, முடிக்கும் சொல்லுக்காகக் காத்திருப்பது நம் காதுக்குப் பழகிய இன்பம். ஆகவே முடிபைக் கடைசியில் வைக்கும் பத்தி தமிழனுக்கு இயல்பாகவே தோன்றும். ஆனால் ஒரு வாக்கியத்தில் பொறுக்கிற மனம் பத்து வாக்கியங்களில் பொறுக்க மாட்டாது. என் அநுபவத்தில் நம்பத்தக்க வழி இதுவே: படிப்பவர் அறியாத விஷயமாயின் முடிபை முதலில் சொல்லிவிட்டு விளக்கவேண்டும், அவர் ஒப்புக்கொள்ள விரும்பாத விஷயமாயின் சான்றுகளை முதலில் வைத்து, அவரே முடிபை எட்டும் தருணத்தில் அதனைச் சொல்லவேண்டும். தமிழ் நூல்களின் காலத்தை ஆராய்ந்த வையாபுரிப் பிள்ளையின் முடிபுகளோடு உடன்படாதவர் பலர். ஆயினும் சான்றைப் படிப்படியாக வைக்கும் அவருடைய முறையை உடன்படாதவரும் கற்கலாம்.

நீளத்தைப் பற்றி விதி சொல்லப் புகுவது வீண். மறைமலையடிகளின் பத்திகள் நீண்டவை, திரு. வி. க.வின் வாக்கியங்கள் குறுகியவை. இருவரும் பொருளை விளங்கவைத்தனர். கூற்று நிறுவப்படும் வரையில் பத்தி ஓடலாம். நிறுவப்பட்டபின் ஒரு வாக்கியமும் கூடாது. இக்காலத்துப் பத்திகள் குறுகியதற்குக் காரணம் கருத்தைவிடப் பெரும்பாலும் அச்சே. பத்திரிகையின் ஒடுங்கிய பத்திவரிசையில் எட்டு வாக்கியங்கள் சேர்ந்தால் கறுத்த தூண்போல் தோன்றுவதால், இரண்டு வாக்கியங்களுக்கு ஒருமுறை உதவியாசிரியர் வெட்டுகிறார். வாரப்பதிப்புக்கு அது சௌகரியமே. ஆனால் அக்கட்டுரைகளைப் பின்னர் நூலாகத் தொகுக்கும்போது வெட்டியவை வெட்டியபடியே நிற்கின்றன. கூற்று ஒரு பத்தியிலும், அதன் காரணம் அடுத்ததிலும், உதாரணம் மூன்றாவதிலும் கிடக்கின்றன. தொகுப்பவர் அவற்றை மறுபடி சேர்த்துப் பார்க்கவேண்டும். சேர்க்கும்போது சில இடங்களில் பத்திகள் எளிதில் ஒன்றாகிவிடும். வேறு சில இடங்களில், இடையே இருந்த வெற்றிடத்தால் மறைந்திருந்த தர்க்கத்தின் விடுபாடு வெளிப்பட்டு, எழுதாமல் விட்ட உபநய வாக்கியத்தை ஆசிரியர் அப்போதாவது எழுதவேண்டி வரும்.